நில்லுங்கோ, ஒரு படம்!

குழுவாகச் சைக்கிள் ஓடுவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஓடினால்தானே! யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து கோப்பாய், நீர்வேலி வழியாகப் புத்தூர் நிலாவரைக் கிணறு வரை போவதாகத் திட்டம். மேடு பள்ளமில்லாத ஊர். ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம்.

எங்கே போக? கூட வந்தவர்களுக்கு நீர்வேலியில் வாழைக்குலையைக் கட்டிப்பிடித்து ஒரு படம். செம்மண்ணைக் கண்டால் ஒரு படம். வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டிருந்த ஐயாவைப் படமெடுக்கப் போனவர், வாய்க்கால் வரம்பை மிதித்து உடைத்துவிட்டார். தண்ணீர் முழுக்க ஒழுங்கையில். ஐயா ஏசினதில் பிழையே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறா ஓடுகிறது? கிணற்றுத் தண்ணீர்தான், அதையும் மோட்டர் போட்டு இறைக்க வேண்டும்.

அப்புறம் ஓடத் தொடங்கினாலும் மூன்று பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டுதான். பின்னால் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்தவர் ஹோர்ன் அடித்தே களைத்துவிட்டார்.

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் இந்த ஊரே சைக்கிளில் ஓடியது. மூட்டை முடிச்சு, நோயாளி, எல்லாம் அதில்தான். அந்தச் சனத்தின் பிள்ளைகள்தான் இவர்கள்!

காலையில் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, முதுகில் தள்ளியது. இவர்களின் தாமதத்தால் நட்ட நடு மத்தியானத்தில் அதே சோளகத்துக்கு முகம் கொடுத்துத் திரும்பினோம். தொடை இன்னும் நோகிறது. வட்ஸ்அப்பில் படங்களோ வந்தபடியே இருக்கின்றன. ஒன்றில்கூட ஒருவரும் சைக்கிள் உழக்கவில்லை.