அப்பாவின் வண்டிக்குத் தண்ணி ஊற்றிக் கொடுத்தது யார்?

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. இப்போது வண்டிக்கு வந்துவிட்டது. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால், அதாவது சாராயத்தில் இருக்கிற அதே சரக்கு. அதுவும் என் காசில், என் கையாலேயே டேங்க் மூடியைத் திறந்து காட்டி.

டாஸ்மாக் வரிசையில் நிற்கிறவருக்குக்கூட இது வேண்டாம், அதைக் கொடு என்று கேட்க வாய் இருக்கிறது. பங்கில் நிற்கிற எனக்கு? "சீரோ பார்த்துக்கோங்க சார்" என்கிறான் பையன். பார்த்தேன். எனக்குள்ள உரிமையும் அதே அளவுதான்.

வியாழக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தம், ஏழரை முதல் ஒன்பது. பட்டு வேட்டி, சட்டைப் பையில் மொய்க்கவர், ஐப்பசித் தூறல். அப்பாவின் வண்டி வீட்டு வாசலில் ஏழாவது உதையில் கிளம்பியதே பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன். காவிரிப் பாலத்தில் பாதி தூரம். இரண்டு தடவை விக்கியது. திருகினால் இழுக்கவில்லை, விட்டால் ஓடியது, மறுபடி திருகினால் சைலன்சரில் ஒரு "டப்". அவ்வளவுதான். பெட்ரோல் அடைப்போ என்று குனிந்து பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினேன். என் வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவுகளில் அதற்கு முதல் ஐந்தில் இடம் உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் பத்து உதை நம்பிக்கையில். அடுத்த பத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. சோக் போட்டேன். சோக் எடுத்தேன். பாதி சோக் என்று ஒன்று உண்டு, அதையும் போட்டேன். டேங்க் மூடியைத் திறந்து வாயை வைத்து ஊதினேன் (வாசனையே வேறு மாதிரி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?). வண்டியை இடது பக்கம் சாய்த்தேன், வலது பக்கம் சாய்த்தேன், அந்தக் காலத்து ஸ்கூட்டருக்குச் செய்கிற அத்தனை சடங்கும் செய்தேன். முப்பத்தெட்டாவது உதையில் செருப்பு வார் அறுந்தது. உச்சிப்பிள்ளையார் அங்கே மலைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த வண்டிகள் எத்தனையோ.

ஆலோசகர்கள் வந்தார்கள். "பெட்ரோல் இருக்கா?" என்று முதல் ஆள். இருக்கிறது அண்ணே, அதுதான் பிரச்சினையே. "பிளக்கைக் கழட்டித் துடைங்க" என்று இரண்டாவது ஆள், நிற்காமலே. மூன்றாவது ஆள் புது ஸ்கூட்டரில் வந்தார், டேங்க் மூடியில் பளபளவென்று, இருபது சதவீத எத்தனால் ஒத்துக்கொள்ளும் என்கிற இ20 ஸ்டிக்கர். என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னும் ஓடுதா சார்?" என்றார். ஓடவில்லை ஐயா. ஓடினால் நான் எதற்குப் பட்டு வேட்டியோடு பாலத்தில் நின்று காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறேன்?

தள்ளினேன். பாலத்திலிருந்து திரும்பி, சிந்தாமணி தாண்டி, சத்திரம் பக்கம் மெக்கானிக் பாய் கடை வரைக்கும். நடுவில் ஒரு போன்: "மாங்கல்யம் ஆச்சு, எங்க இருக்கீங்க?" தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தேதியைத்தான் தள்ளுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, போனை வைத்துவிட்டார்கள்.

பாய் வண்டியைத் தொடக்கூட இல்லை. தூரத்திலிருந்தே, "எத்தன நாளா நிறுத்தி வச்சிருந்தீங்க தம்பி?" என்றார். பன்னிரண்டு நாள் பாய், சென்னை போயிருந்தேன். "மழையிலயா?" தாழ்வாரத்தில்தான், கொஞ்சம் சாரல் அடிக்கும். பாய் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய டாக்டர் தோற்றார்.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் காலி தண்ணீர் பாட்டிலில் இறக்கி வெளிச்சத்தில் வைத்தார். மோர் தெளிந்து நிற்குமே, அப்படி. மேலே பெட்ரோல். கீழே இரண்டு விரல்கடை உயரத்துக்கு மங்கலாக வேறொன்று. "இது பெட்ரோல் இல்ல தம்பி. தண்ணியும் சரக்கும்."

எத்தனால் ஈரத்தை இழுக்கும். காற்றில் இருப்பதை இழுக்கும், வெடித்துப்போன மூடி ரப்பர் வழியாக இறங்குகிற மழைத் துளியை விடவே விடாது. தாங்குகிற வரைக்கும் பெட்ரோலோடு கலந்து நிற்கும். அளவு மீறியதும் தண்ணீரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். ரிசர்வ் குழாய் எங்கே இருக்கிறது? அடியில். நான் பாலத்தில் பெருமையாகத் திருப்பினேனே, அது வண்டியின் வாயில் நேராக ஊற்றிக் கொடுத்த மாதிரி.

அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்ப்பரேட்டரைக் கழற்றினார். அதில் பெட்ரோல் தேங்கி நிற்கிற கிண்ணத்தின் அடியில் செம்மண் வண்டல், ஓரமெல்லாம் சுண்ணாம்பு காய்ந்தது போல வெள்ளைப் பொருக்கு. இருபது வருஷமாக டேங்கின் உள்சுவரில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்த துருவையும் கசடையும் இந்த எத்தனால் கழுவி எடுத்துக்கொண்டு வந்து ஜெட் என்கிற பெட்ரோல் துளையில் அடைத்திருக்கிறது. முதல் விக்கலே அதனால்தானாம். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் பாய். இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. அதன் பள்ளத்திலேயே மறுபடி உட்கார மாட்டேன் என்கிறது. "அந்தக் காலத்து ரப்பர். அதுக்கு இது ஒத்துக்காது."

சரி, இனிமேல் என்ன செய்வது? "டேங்க்ல வச்சு நிறுத்தாதீங்க. போட்டா ஓட்டிடுங்க." பெட்ரோலா, மீன் குழம்பா இது?

பங்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, வாகனத்தின் டேங்கில் தண்ணீர் புகாமல் வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். கலக்கிறது அவர்கள், பார்த்துக்கொள்வது நாம். கார்த்திகை வரைக்கும் வண்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்பா இந்த வண்டியை வாங்கியது 2003இல். நாட்டில் 5 சதவீதம் எத்தனால் கலக்கிற திட்டம் தொடங்கியதும் அதே 2003இல்தான். இரண்டும் ஒரு வயசுப் பிள்ளைகள். ஒன்று 5-லிருந்து 2022இல் 10 ஆகி, 2025இல் 20 ஆகி வளர்ந்து நிற்கிறது. இன்னொன்று லிட்டருக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 47-க்கு இளைத்து நிற்கிறது. இதில் 20-ஐ எட்ட 2018இல் வைத்த கெடு 2030. ஐந்து வருஷம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மூட அந்த ஆட்களில் நாலு பேரை அனுப்பி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

மைலேஜ் பெரிதாகக் குறையாது என்கிறார்கள். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே பழைய ரக டூவீலருக்கு 3 முதல் 4 சதவீதம், காருக்கு 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறது. என் வண்டி அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. சாதாரணக் கணக்கே போடுங்கள். எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. லிட்டரில் 200 மில்லி அது. ஆக நூறு ரூபாய்க்குப் போட்டால் ஆறு ஏழு ரூபாய்ச் சரக்கு ஆவி. புது வண்டியில் சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, கலவையைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டரில் என்ன இருக்கிறது? ஊசி நுழைகிற ஒரு ஓட்டை. இருபது வருஷத்துக்கு முன்னால் பெட்ரோலுக்கென்று போட்ட ஓட்டை.

அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு: சக்தி குறைவதால் கலந்த பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று. அந்த வரிக்கு மட்டும் எத்தனால் ஊற்றி ஆவியாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

உடனே பிரேசிலைப் பார் என்பார்கள். பார்த்தேன். அங்கே அதே 2003இலிருந்து எந்தக் கலவையும் ஒத்துக்கொள்கிற வண்டி விற்கிறார்கள். பங்கில் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு குழாய், முழு எத்தனாலுக்கு இன்னொரு குழாய். எது சல்லிசோ அதைப் போட்டுக்கொள்கிறான். இங்கே கலக்காத பெட்ரோலும் வையுங்கள் என்று கேட்டுப் போன வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தாகிவிட்டது. கரும்புக்காரருக்கும் மக்காச்சோளக்காரருக்கும் காசு போகட்டும், டாலர் மிச்சமாகட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? என் பெரியப்பாவே கரும்பு போட்டவர்தான். எனக்கு ஒரு குழாயை விட்டுவையுங்கள் என்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிறாய் என்று பசுமை வரி வேறு வாங்கினீர்களே, அந்த ரசீதுக்காவது.

பில் 850. ஓ-ரிங், பெட்ரோல் ஓஸ், டேங்க் கழுவல், கார்ப்பரேட்டர் வேலை. இறக்கிய மூன்று லிட்டரை பாய் தட்டுமுட்டுச் சாமான் கழுவ வைத்துக்கொண்டார். அதற்குத்தான் அது நன்றாக இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. எழுபத்தாறு வயது, காது சரியாகக் கேட்காது, வண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். "நான் ஓட்டுனப்ப ஒரு நாள் வழியில நின்னதில்ல." அப்பா, பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் என்று ஆரம்பித்தேன். "பெட்ரோலைக் குத்தம் சொல்லாத. வாரம் ஒரு தடவ தொடைச்சியா?" துடைக்கவில்லை. அரசாங்கம், எண்ணெய் நிறுவனம், நீதிமன்றம் எல்லாம் விடுதலை. கடைசியில் நான்தான் குற்றவாளி.

சாயங்காலம் பின் டயரில் காற்று குறைச்சலாகப் பட்டது, பங்குக்குப் போனேன். "காற்று இலவசம்" என்று பெரிய போர்டு. கீழே மிஷினுக்குச் சாக்கு போர்த்தியிருந்தது. தீபாவளிக்கு முன்னால் போர்த்திய அதே சாக்கு. எப்பய்யா சரியாகும் என்றேன். "ஆள் வரணும் சார்." போன மாதமும் அந்த ஆள்தான் வரவேண்டியிருந்தது. சரி என்று திரும்பினால், "நைட்ரஜன் இருக்கு சார், டயருக்குப் பத்து ரூபா" என்றான். தம்பி, வெளியில் வீசுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானடா. அப்போ மீதி 22-க்குத்தான் மிஷின் ரிப்பேரா? பெட்ரோலில் மட்டும் கேட்காமல் கலக்கிறீர்கள், காற்றில் கலந்திருப்பதைப் பிரித்துத் தனியாக விற்கிறீர்களா?

அவனுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து ரூபாயைக் கொடுத்தேன்.

"சீரோ பார்த்துக்கோங்க சார்" என்றான்.