'தாக்கம்' என்று சொன்னால் போதாது

ஃபங்க் எழுபதுகளோடு முடிந்துபோன டான்ஸ் இசைதானே, இன்றைய ராக் பேண்டுகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஃபங்கைத் தொடங்கிவைத்த அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அன்றைய ராக், ஆர் அண்ட் பி (கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது அடியில் விழும். பிரவுன் அறுபதுகளின் நடுவில் முதல் அடியைப் பிடித்துக்கொண்டார், அதற்கு 'தி ஒன்' என்றே பெயர். கச்சேரியில் மிருதங்கம் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து விழும்போது நம் கை தானாகத் தொடையில் தட்டுமே, அந்த சுகத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை கொடுத்தால் எப்படி இருக்கும்! இடையில் யார் எங்கே வேண்டுமானாலும் போகலாம், முதல் அடிக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட வேண்டும். கிட்டார்கூட அங்கே ஒரு தாள வாத்தியம்தான், சுருக்கென்று வெட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஃபங்க் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பேஸ் கிட்டாரின் ஸ்லாப். பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு சேர்ந்து கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் டிரம்மர் இல்லாமல் போனதால், கட்டைவிரலால் தந்தியை அடித்து பேஸ் டிரம்மையும், இன்னொரு விரலால் சுண்டி இழுத்து ஸ்நேர் என்ற சின்ன டிரம்மையும் தானே கொண்டுவந்தார். இல்லாத ஆளுடைய இடத்தை நிரப்பப் பிறந்தது அது. பின்னால் அவர் வாசித்த ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழு வழியாக உலகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இன்றைய ராக் பேண்டுகளுக்கு வருவோம். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் இதைத் தூரத்திலிருந்து கேட்டுக் கற்றவர்கள் இல்லை. 1985-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தை டெட்ராய்ட்டில் உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்தவர் ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவின் தலைவர் ஜார்ஜ் கிளிண்டன். அதில் ஹார்ன் வாசித்தவர்களில் மேசியோ பார்க்கரும் ஃப்ரெட் வெஸ்லியும் உண்டு, ஜேம்ஸ் பிரவுன் குழுவிலேயே இருந்தவர்கள். ஆனால் எனக்கு அவர்களுடைய ஃபங்க் முழுசாகக் கேட்பது 1991-இல் வந்த 'பிளட் சுகர் செக்ஸ் மேஜிக்'கில்தான், அவர்களுடைய பேஸ் கலைஞர் ஃப்ளீ ஸ்லாப்பை வெகுவாகக் குறைத்துக்கொண்ட பிறகு. டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில் காலியிடம் கிடைத்ததும் பாட்டு மூச்சு விட ஆரம்பிக்கிறது. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பத்திலும் இதே கதைதான். கிட்டாரின் அந்தக் கரகர டிஸ்டார்ஷனை மனதுக்குள் குறைத்துவிட்டுக் கேளுங்கள், திரும்பத் திரும்ப வரும் ரிஃப்புகளுக்கு இடையில் விடும் அமைதி முழுக்க ஃபங்க்.

ஃபங்கை வாசித்த பேண்டுகள் என்று குயின், டாக்கிங் ஹெட்ஸ், கேங் ஆஃப் ஃபோர் என இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம், விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் ராக்கின் மேல் ஃபங்கின் 'தாக்கம்' என்று சொல்வார்கள், எனக்கு உறுத்துவது அந்த வார்த்தைதான். ஃபங்க் ஏதோ வெளியிலிருந்து வந்து ராக்கைத் தொட்டுவிட்டுப் போனது போல. கிளிண்டனின் ஃபங்கடெலிக் 1971-இல் 'மேகட் பிரெய்ன்' ஆல்பத்தை வெளியிட்டபோது அது ராக் பேண்ட் இல்லையா? கறுப்பினக் கலைஞர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கதறவிட்டால் இசைத்தட்டுக் கடையில் ஆர் அண்ட் பி அலமாரியில் வைத்துவிட்டார்கள், வெள்ளையர்கள் அதே தாளத்தை எடுத்து வாசித்தபோது மட்டும் அது ராக்கின் புதுப் பாதை ஆகிவிட்டது. 1985-இல் நியூயார்க்கில் கறுப்பின கிட்டார் கலைஞர் வெர்னான் ரீடும் நண்பர்களும் பிளாக் ராக் கோயலிஷன் என்றே ஒரு அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் கோபம் எவ்வளவு நியாயமானது! ராக் நிற்கிற கால்களில் ஒன்று ஃபங்க் என்பதுதான் என் கட்சி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நண்பருக்கு 'மேகட் பிரெய்ன்' பாட்டை அனுப்பியிருக்கிறேன். அம்மா இறந்துபோன செய்தி வந்ததாக நினைத்துக்கொண்டு வாசி என்று கிளிண்டன் சொல்ல, ஃபங்கடெலிக்கின் கிட்டார் கலைஞர் எடி ஹேசல் பத்து நிமிடம் அழுது தீர்த்த கிட்டார் அது. கேட்டுவிட்டு இன்றிரவு கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.