அரைமணி நேரத்தில் ஃபிரிட்ஜ் சரி, இருபத்திரண்டு நாளில் மறுபடியும் சரியில்லை

சனிக்கிழமை ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வாசலில் நான் குரலை உயர்த்தியது உண்மைதான். "2,800 ரூபாய்க்கா இந்தச் சண்டை?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஆமாம், அதற்குத்தான்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கொண்டுபோனேன். குளிரூட்டும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டாம் நாள் மறுபடியும் அதே கதை. திரும்பக் கொண்டுபோனால், "அது போன மாதக் கணக்கு" என்று புதிய சீட்டு எழுதுகிறார் முதலாளி. அதே நோய், அதே வைத்தியம், அதே கட்டணம்.

கேஸ் எரிந்து தீர்ந்துபோக இது என்ன அடுப்பு சிலிண்டரா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஓட்டையை அடைத்து, அதன்பிறகு நிரப்புவதற்குப் பெயர்தான் வேலை. எனக்கு அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். என்ன சுறுசுறுப்பு என்று மெச்சிக்கொண்டு வந்த முட்டாள் நான்.

என் அப்பா காவேரிப்பட்டணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பென்சிலால் குறிப்பார். ஒட்டிய பிறகும் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார். ஒட்டிய இடமே விட்டுக்கொண்டால் காசு வாங்க மாட்டார். வேறு இடத்தில் முள் குத்தியிருந்தால் வாங்குவார். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. பஞ்சர் ஒட்டாமல் வெறும் காற்றை அடித்து அனுப்பியிருந்தால் ஊரில் தலைகாட்டியிருப்பாரா?

"தொழிலாளி வயிற்றில் அடிக்கிறாய்" என்கிறார் ஒரு நண்பர். வேலை செய்த பையனை நான் ஒரு சொல் சொல்லவில்லை. பேசியது கல்லாவில் இருந்தவரிடம். ஃபிரிட்ஜே ஒன்பது வருடப் பழசு என்கிறார் இன்னொருவர். அதைப் பணம் வாங்குவதற்கு முன்பு சொல்லியிருக்கலாமே! சீட்டில் "கேரண்டி இல்லை" என்று இருக்கிறதாம். சீட்டில் அச்சடித்தால் சட்டம் ரத்தாகிவிடுமா? அரைகுறை வேலையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது.

"பில் வாங்கினாயா?" என்ற கேள்விதான் சுட்டது. வாங்கவில்லை. வரி சேர்ந்தால் கூடும் என்றார் முதலாளி, வேண்டாம் என்று நானே சொன்னேன். அற்ப ஆசை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில் தராததையே நேர்மையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. பணம் அனுப்பிய பதிவு கைபேசியில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. மிரட்டல் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தது. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. எத்தனை நாளாகக் குளிர் குறைந்திருந்ததோ, நம்ப முடியாமல் மூன்று குப்பிகளையும் கொட்டினோம். கடையில் இதைச் சொன்னபோது, "அந்தக் காலத்தில் எல்லாம் ஃபிரிட்ஜா இருந்தது? பானையில் வையுங்கள்" என்று சிரித்தார் முதலாளி. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நான் கத்தினேன். அதற்கு முன்பு நடந்ததை யாரும் கேட்கவில்லை.

புதிதாக வாங்கிய குப்பியை இப்போது பானையில்தான் வைத்திருக்கிறோம். பானையைச் சுற்றிய ஈரத்துணி இந்த வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இரவில் அம்மாவே எழுந்து நனைக்கிறார், என்னை எழுப்புவதில்லை.