விற்ற கணக்கு இருக்கிறது, கொடுத்த கணக்கு எங்கே?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடமாட்டார், காவடிக்கு விரதம் தவறமாட்டார். ஆனால் சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடும்போது அவர் வாயில் வருவது ரோட்ரிகஸ் பாட்டு. ஒரு பாட்டில் மட்டும், எப்போது பாடினாலும், ஒரே இடத்தில் இரண்டு வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். மறதி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இசைத்தட்டைப் போட்டபோது தெரிந்தது, அந்த இடத்தில் கீறல் விழுந்து ஊசி தாவுகிறது. இத்தனை வருடமாக அந்தத் தாவலோடு சேர்த்தே பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

அந்தத் தட்டு ‘கோல்ட் ஃபேக்ட்’. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து சிக்ஸ்டோ ரோட்ரிகஸின் முதல் ஆல்பம், 1970இல் வந்தது. அட்டைப் படத்தில், கண்ணாடி உருண்டை போன்ற ஒன்றுக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அட்டையின் ஓரமெல்லாம் தாத்தா டேப் ஒட்டி வைத்திருக்கிறார், டேப்பும் பழுத்துவிட்டது. அமெரிக்காவில் இதை யாரும் சீந்தவில்லை. அடுத்த வருடம் வந்த இரண்டாவது ஆல்பமும் அப்படியே போனது. அவர் பழைய வீடுகளை இடிக்கும், பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டார். இங்கே தென்னாப்பிரிக்காவிலோ அந்த முதல் ஆல்பம் விற்றுத் தள்ளியது. ஐந்து லட்சம் பிரதி போயிருக்கும் என்று ஒரு மதிப்பீடு. கேசட்டில் கைமாறியதற்குக் கணக்கே கிடையாது.

யார் வாங்கினார்கள்? பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள், 1967லிருந்து கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டியிருந்த தலைமுறை. அரசாங்கத்தை எதிர்த்து ஒருவன் வெளிப்படையாகப் பாடலாம் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கிறது. அரசு வானொலியின் சேமிப்பில் இருந்த தட்டில், ஒலிபரப்பவே முடியாதபடி ஒரு பாட்டைக் கூரான எதையோ வைத்துக் கீறியிருந்ததை அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் காட்டுவார்கள். தாத்தா தட்டில் உள்ள கீறல் வேறு. அது கேட்டுக் கேட்டு விழுந்தது.

ஆவணப்படம் என்று நான் சொல்வது ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’. 2012இல் வந்து, 2013இல் ஆஸ்கர் வாங்கியது. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று இங்கே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பாடகரை, ரசிகர்களே தேடிக் கண்டுபிடித்து, 1998 மார்ச்சில் கேப்டவுன் மேடையில் ஏற்றிய கதை. நல்ல படம், இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் அழுதேன். ஆனால் 1979இலும் 1981இலும் அவர் ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்ததை அந்தப் படம் சொல்லாமல் விட்டுவிட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதை நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. கடைசி வரியாக ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று போட்டு, பூங்கொத்துப் படம் ஒன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனுஷன் பொறுமையாகக் காத்திருக்கவில்லை ஐயா. தன் பாட்டு இங்கே விற்கிறது என்பதே அவருக்குத் தெரியாது! தெரியாமல் இருந்ததற்குப் பெயர் பொறுமையா?

நான் டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அனுப்பினேன் என்று ஒருவர் சொல்லி, வரவில்லை என்று இன்னொருவர் சொன்னால், மாதக் கடைசியில் எங்களால் வீட்டுக்குப் போக முடியாது. நூறு ராண்டாக இருந்தாலும் எங்கே நிற்கிறது என்று தேடியாக வேண்டும். இந்த ஆல்பத்தின் கதை என்ன? இங்கே தட்டு போட்ட கம்பெனிகள், ராயல்டியை, அதாவது விற்பனையில் பாடியவருக்குச் சேர வேண்டிய பங்கை, அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டோம் என்கின்றன. தனக்கு எதுவும் வரவில்லை என்றார் ரோட்ரிகஸ். அவருடைய அமெரிக்கக் கம்பெனியான சசெக்ஸ் 1975இலேயே மூடிவிட்டது. போதாததற்கு, பழைய ஒப்பந்தம் ஒன்றின் சிக்கலால் ஆல்பத்தின் பல பாட்டுகளில் எழுதியவர் பெயரே ‘சிக்ஸ்த் பிரின்ஸ்’ என்று வேறு மாதிரி இருக்கிறது. பெயர் மாறிய சீட்டைக் கொண்டு பணத்தைத் துரத்துவது எவ்வளவு கஷ்டம் என்று என் மாதிரி ஆட்களைக் கேளுங்கள்.

அதனால்தான் இதை ‘மாபெரும் வணிக வெற்றி’ என்று எழுதும்போது எனக்கு இடிக்கிறது. வணிகம் நடந்தது உண்மை, கடைக்காரன் சம்பாதித்தான், கம்பெனி சம்பாதித்தது. பாடியவன் டெட்ராய்ட்டில் இடிபாட்டுத் தூசியில் நின்றான். இது கூலி பாக்கி. அப்படித்தான் சொல்ல வேண்டும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசினார். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் என்று காகிதத்தில் இருக்கும், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வந்தது என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது என்றார். 1860இல் இந்தியாவிலிருந்து வந்து இங்கே கப்பல் இறங்கியவர்களின் வாரிசுகளுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்தியாவில், நம் ஊர்ப் பக்கமும் ஒன்றும் ஒழுங்கில்லை. சினிமாப் பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி உரிமையைச் சட்டம் உறுதி செய்ததே 2012இல்தான். அதுவரை எத்தனை பேர் ஒரே தடவை வாங்கிய சம்பளத்தோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்? சின்ன வயதில் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசில் ஒரு பைசாகூட அவர்களுக்குப் போயிருக்காது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது.

ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்டில் இறந்தார். அன்று சாயங்காலம் தாத்தா வீட்டுக்குப் போனேன். பழைய தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு ‘கோல்ட் ஃபேக்ட்’, புத்தம் புதுசு, மேலுறைகூடப் பிரிக்கவில்லை. 2008இல் அமெரிக்காவில் மறுபடி வெளியிட்டார்களே, அது. பேரனிடம் சொல்லி வரவழைத்து வைத்திருந்திருக்கிறார்.

“இதுக்குக் குடுத்த காசாவது அவருக்குப் போயிருக்கும் இல்லையா தம்பி?” என்றார்.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். கேட்பதற்குத்தான் பழையது இருக்கிறதே என்றார். ஊசி அந்த இடத்துக்கு வந்து தாவியது, அவரும் தாவினார்.