கல் செடி வாடினால் தண்ணீர் ஊற்றலாமா?

"ஊட்டி மலையில் தானாக முளைக்கும் கல் செடி, இலை சுருங்கினால் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள், நீலநிறத்தில் பூக்கும்" என்று படத்தோடு ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

படத்தில் இருப்பது லித்தாப்ஸ், கூழாங்கல் போலவே தெரியும் சதைப்பற்றுள்ள சிறு செடி. இதன் தாயகம் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். நீலகிரியில் தொட்டியில் வளர்ப்பவர்கள் உண்டு, காட்டில் கிடையாது. பூ பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளைதான். நீலப் பூ, வானவில் நிற விதை என்று விற்கப்படுவது சுத்த ஏமாற்று.

தண்ணீர் விஷயத்தில்தான் செடியே போய்விடும். லித்தாப்ஸுக்குப் பொதுவாக இரண்டே இலை. பூத்து முடிந்தபின் நடுப்பிளவில் புது ஜோடி கிளம்பும். பழைய ஜோடியில் உள்ள நீரையும் சத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பழைய இலை சுருங்குவது தாகத்தால் அல்ல. அப்போது தண்ணீர் ஊற்றினால் பழைய இலை வற்றாது, புது ஜோடி அதன் மேல் அடுக்காக ஏறி நிற்கும், பிறகு செடி வெடிக்கலாம், அழுகலாம். பழைய தோல் காகிதம்போல் காயும்வரை சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். மற்ற நாட்களில் இலையின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஒருமுறை ஊற்றினால் போதும்.

ஊட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரிலும் மழை படாத கூரையடியில், வெளிச்சம் குறையாமல் வையுங்கள். மூன்று பங்கு சிறு ஜல்லிக்கு ஒரு பங்கு மண், ஆணிவேர் இறங்கப் பத்து சென்டிமீட்டர் ஆழத் தொட்டி. தோட்டத்துக் கருமண்ணை மட்டும் நிரப்பினால் ஈரம் தங்கி வேர் அழுகிவிடும்.