கடல் இல்லாத ஊரின் பெயரில் கப்பல்

கடலே இல்லாத மணிப்பூர்த் தலைநகர் இம்பாலின் பெயரை இந்தியக் கடற்படையின் போர்க்கப்பலுக்கு (ஐ.என்.எஸ். இம்பால்) ஏன் வைத்தார்கள் என்று சிலர் கேலி செய்திருக்கிறார்கள். 1944 மார்ச் முதல் ஜூலை வரை ஜப்பானியப் படை முட்டி மோதித் தோற்றுத் திரும்பிய இடம் இம்பால். பக்கத்து மொய்ராங்கில்தான் அந்த ஏப்ரல் 14 அன்று நேதாஜியின் ஆசாத் ஹிந்த் படை (இந்திய தேசிய ராணுவம்) கொடியேற்றியது. அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனை பேர்! நமக்கும் ஒட்டுறவு உள்ள ஊர்தான்.

கப்பலின் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கம் மணிப்பூர் மன்னர்களின் காங்லா அரண்மனை, வலப்பக்கம் அதைக் காக்கும் காங்லா சா. சிங்க உடல், டிராகன் தலை. கடமைக்குப் பெயர் வைத்தவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கப்பல் 2023 டிசம்பர் 26 அன்று மும்பையில் கடற்படையில் சேர்ந்தது. வடகிழக்கு நகரம் ஒன்றின் பெயர் போர்க்கப்பலுக்கு வந்தது அதுவே முதல்முறை. கொஞ்சம் தாமதம்தான், சரி.

அதே வகைக் கப்பல்களில் மற்ற மூன்றின் பெயர்களான விசாகப்பட்டினம், மர்மகோவா, சூரத் எல்லாம் துறைமுக ஊர்கள். அவற்றை யாரும் கேள்வி கேட்கவில்லை. 163 மீட்டர் நீளக் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும்போது, பின்புறம் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு ஒருவராவது இம்பால் எங்கே என்று தேடுவார் அல்லவா?