புகைச் சான்று கையில், புகை முகத்தில்

போன வாரம் என் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்று எடுக்கப் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சருக்குள் குழாயை விட்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும், அதுதான் சோதனை. அங்கிருந்த பையன் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்தான், பணம் வாங்கினான், பேப்பரை நீட்டினான். "குழாய் வைக்கலையா தம்பி?" என்று கேட்டால், "புது வண்டிதானே அண்ணா, பாஸ்தான் ஆகும்" என்கிறான். வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை!

அன்றைக்குச் சாயங்காலம் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு தண்ணீர் லாரி. டிரைவர் கியர் மாற்றி மிதிக்கும்போதெல்லாம் குபுகுபுவென்று கரும்புகை, பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே வந்தாள், வீட்டில் முகம் துடைத்தபோது துண்டில் கறுப்பாக ஒட்டியிருந்தது. அந்த லாரிக்கும் இப்படித்தான் சான்று கொடுத்திருப்பார்கள்.

2020 ஏப்ரலில் புது வண்டிகளின் புகைக்குக் கடுமையான வரம்பு வைக்கும் பிஎஸ் 6 விதி வந்தது, நல்லதுதான், கூடுதல் விலை கொடுத்து வண்டி வாங்கினோம். புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதுவும் சரி. ஆனால் பேப்பரை மட்டும் பார்த்து அனுப்பினால் எப்படி? கண் முன்னால் புகை கக்கும் வண்டியை ஓரங்கட்டி அங்கேயே மீட்டர் வைத்து அளக்கலாமே. ஹெல்மெட்டுக்கு மூலைக்கு மூலை நிறுத்துகிறார்கள், புகைக்காக ஒரு வண்டியை நிறுத்தி நான் இதுவரை பார்த்ததே இல்லை.